மணியுடன் வடக்கே: குங்ஸ்லேடன் நடைக் குறிப்புகள்

ஆகஸ்ட் 16, சனி. ஸ்டாக்ஹோம்

வருகிற வெள்ளிக்கிழமை மாலை ரயில். ஸ்வீடனின் வடகோடியில் அபிஸ்கோவில் இறங்கி, குங்ஸ்லேடன் என்ற நெடுந்தூர மலைநடைப் பாதையில் தெற்கு நோக்கி நடந்து, கெப்னெகைசெ மலையடிவாரம் வழியாக நிக்காலுவோக்தாவில் முடிப்பதாகத் திட்டம். குங்ஸ்லேடன் முழுவதும் நடந்தால் ஹேமாவன் வரை சுமார் 440 கிலோமீட்டர். நாங்கள் போவது வடக்குத் துண்டு மட்டும். நிக்காலுவோக்தா பக்கம் திரும்பும் கிளைப்பாதையையும் சேர்த்தால் 105 கிலோமீட்டர் வரும். நான், மனைவி, மணி.

மணி மதுரைக்காரன். திருநகரில் எங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய். செம்பழுப்பு நிறம், நெடுங்கால், ஒட்டிய வயிறு, 22 கிலோ. இந்தியாவிலிருந்து ஒரு நாயை இங்கே கொண்டுவருவது நமக்கு விசா வாங்குவதைவிடப் பெரிய பாடு. மைக்ரோசிப் வைத்து, ரேபிஸ் ஊசி போட்டு, 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கும் ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு சரியாக வந்தால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காலம் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டவர் அம்மா. அதனால் மணி விஷயத்தில் என்னைவிட அவருக்குத்தான் அதிகாரம். நேற்று போனில் பிடித்துக்கொண்டார்.

“ஏன்டா, வாயில்லா ஜீவனைக் கூட்டிக்கிட்டுப் பனிக்காட்டுக்குப் போறியாமே? அதுக்குக் குளிராதா?”

“சட்டை வாங்கியிருக்கேம்மா.”

“அதுக்கு நாலு காலு இருக்கு, சமாளிச்சிரும். நீ உன் முட்டியப் பாத்துக்க.”

குளிரைப் பற்றி அவர் கேட்டது நியாயம்தான். இங்கே மலைக்கு வரும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு மேல்முடிக்குக் கீழே கம்பளி மாதிரி இன்னொரு அடுக்கு உண்டு. மணிக்கு அது கிடையாது. ஆகவே எப்போது போவது என்பதையே அவன் தோலை வைத்துத்தான் முடிவு செய்தோம். ஜூனில் கணவாயில் பனி கிடக்கும், ஓடைகளில் உருகிய நீர் பெருக்கெடுக்கும். ஜூலையில் கொசு. இந்த ஊர் மலைக்கொசுவை நம் ஊர்க் கொசுவோடு சேர்க்கக்கூடாது, மூச்சு இழுத்தால் உள்ளே வரும். முடி குறைந்த வயிற்றையும் காது மடலையும் அது விடாது. நாம் பூசும் டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு மருந்தை நாய்க்குப் பூசவும் முடியாது, நக்கினால் ஆபத்து. ஆகஸ்ட் நடுவில் ஃபியல்ராவன் கிளாசிக் என்ற நடை விழாவுக்கு இதே பாதையில் ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். மிச்சம் இருப்பது ஆகஸ்ட் கடைசி. கொசு அடங்கியிருக்கும், பிர்ச் மர இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். இரவில் குளிர் பூஜ்யத்தை ஒட்டிப் போகலாம், அதற்குத்தான் சட்டை. செப்டம்பர் நடுவில் வழியில் நடப்பவர்கள் தங்கும் குடில்களை மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் திரும்பிவிடலாம்.

“பக்கத்திலேயே சாரெக் இருக்கிறதே, அங்கே போகலாமே” என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். சாரெக் தேசியப் பூங்காவில் குடில் இல்லை, அடையாளமிட்ட பாதையும் இல்லை, ஆறுகளை இறங்கித்தான் கடக்க வேண்டும். நாயோடு நான் அங்கே போக மாட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஹம்மர்பிபாக்கனில் கடைசிப் பயிற்சி. நகரத்துக்குள்ளேயே இருக்கிற பனிச்சறுக்கு மேடு இது, கட்டட இடிபாடுகளைக் கொட்டி உயர்த்தியது. குளிர்காலம் போனால் ஓட்டக்காரர்களும் மலைக்குக் கிளம்புகிறவர்களும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். வசந்தம் முதலே நாங்களும் அந்தக் கூட்டத்தில்தான்.

மணியின் முதுகுப் பையை ஆரம்பத்தில் காலியாகத்தான் கட்டினோம். பிறகு இரு பக்கமும் செய்தித்தாள் திணித்தோம், வடிவம் பழகட்டும் என்று. எடை கடைசியில்தான். நல்ல உடல்வாகுள்ள நாய் தன் எடையில் கால் பங்கு வரை தூக்கும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எங்கள் கால்நடை மருத்துவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள் என்றார். அப்படியானால் 2.2 கிலோ. பையே 600 கிராம். மிச்சம் 1.6 கிலோவில் மூன்று நாள் தீனி அடங்கும், அவ்வளவுதான். நாய் தன் மூட்டையைத் தானே சுமக்கும் என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சு.

இரு பக்க எடையும் ஒன்றாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் கட்டுகிறோம். கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பை ஒரு பக்கமாகச் சரிந்து அக்குளில் உரசி, சாயங்காலம் பார்த்தால் அந்த இடத்தில் முடி உதிர்ந்து சிவந்திருக்கும்.

ஏறுவது பிரச்சினையில்லை. நான் அதிகம் பயந்தது பாலங்களுக்குத்தான். குங்ஸ்லேடனில் பெரிய ஓடைகளின் மேல் தொங்குபாலங்கள் உண்டு. நடந்தால் ஆடும், கீழே வெள்ளைத் தண்ணீர் இரையும். கீழே பார்வை போகிற தளம் என்றாலே மணி நாலு காலையும் ஊன்றி நின்றுவிடுவான். எங்கள் மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால் கம்பிவலைப் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. மே மாதம் முழுக்க எங்களுக்குப் பள்ளிக்கூடம் அதுதான். முதல் படியில் வீட்டு மிதியடியை விரித்து, அதன்மேல் அவித்த கோழித் துண்டு. அவன் மிதியடியில் ஏறினால் போதும், அன்றைக்குப் பாடம் முடிந்தது. அடுத்து மிதியடியைப் பாதியாக மடிப்போம். அப்புறம் கைக்குட்டை அளவு. இழுப்பது, திட்டுவது, தூக்கி வைப்பது எதுவும் கிடையாது. மனைவிக்கு என்னைவிடப் பொறுமை அதிகம், மழையிலும் அங்கே உட்கார்ந்திருப்பாள். ஜூன் கடைசியில் ஒரு நாள் மிதியடி இல்லாமலே தானாக மேலே ஏறிப்போய்த் திரும்பிப் பார்த்தான்.

இன்று அதே படியில் பையுடன் ஏற்றிப் பார்த்தோம். ஒன்று புரிந்தது: பையைக் கட்டினால் அவனுடைய அகலம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. குறுகிய தொங்குபாலத்தில் பக்கக் கம்பியில் மாட்டிக்கொண்டால் பின்வாங்கப் பார்ப்பான், அங்கே பின்வாங்குவது ஆபத்து. எனவே பாலத்துக்கு முன்னால் பையைக் கழற்றி நான் எடுத்துக்கொள்வேன். என் இடுப்பில் மாட்டிய மணியின் வாரையும் கழற்றிக் கையில் பிடிப்பேன். மனைவி முன்னால், நடுவில் மணி, கடைசியில் நான்.

வார் பற்றி ஒரு வார்த்தை. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை காட்டுயிர்கள் இருக்கும் இடத்தில் நாயை ஓட விடக்கூடாது என்பது ஸ்வீடன் சட்டம். “நீங்கள் போவது இருபதுக்குப் பிறகுதானே, அவிழ்த்துவிடலாம்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அங்கே அந்தக் கணக்கு செல்லாது. அபிஸ்கோ தேசியப் பூங்காவில் நாய் வாரில்தான் இருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும் வடபகுதிப் பழங்குடிகளான ஸாமி மக்களின் ரெயின்டியர் மான்கள் மேயும் நிலம். மந்தையை ஒரு நாய் கலைத்துவிட்டால் மேய்ப்பவருக்கு எத்தனையோ நாள் வேலை வீண். ஆட்டுக் கிடையைக் கலைத்த நாயை நம் ஊரில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கால்நடை மருத்துவரிடம் கடைசிப் பரிசோதனை. இதயம், மூட்டு, பல், நகம் எல்லாம் சரி. நகத்தை இன்னும் கொஞ்சம் வெட்டச் சொன்னார். இறக்கத்தில் நீண்ட நகம் கல்லில் தட்டித் தட்டி வேரோடு கிழியும் என்றார். ஆனால் கிளம்பும் அன்று வெட்டாதீர்கள், ரத்தம் வந்தால் ஆறாது, இன்றே வெட்டுங்கள் என்று சொல்லி அவரே வெட்டிவிட்டார்.

மருந்துப் பையில் இருப்பவை: ஒட்டும் கட்டுத்துணி, காயம் கழுவ உப்புநீர்க் குப்பிகள், உண்ணி எடுக்கும் கொக்கி, சிறு இடுக்கி, குழந்தைகளுக்கான பருத்திக் காலுறை, கனமான நாய்க் காலணி ஒரு ஜோடி, பாதத்துக்கு மெழுகுத் தைலம், எடை பார்த்து எழுதிக் கொடுத்த நாய்க்கான வலி மாத்திரை. எங்கள் பையில் இருக்கும் ஐபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு. இரண்டு மருந்தும் ஒரே டப்பாவில் இருக்க வேண்டாம் என்று மனைவி வேறு நிறப் பையில் போட்டுவிட்டாள்.

மருந்து வைத்திருந்தால் மட்டும் போதாது, கட்டுப்போட அவன் விட வேண்டும். அதனால் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பாதத்தில் கட்டுப்போட்டு, அஞ்சு நிமிஷம் வைத்து, அவிழ்த்துவிடுகிறோம். இப்போது தானே மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக் கொடுக்கிறான். காலணியில் மட்டும் சமரசம் இல்லை. போட்டவுடன் சூடான தார் ரோட்டில் நடக்கிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான். சரி, காயம் பட்டால் மட்டும் போடலாம் என்று விட்டாயிற்று.

நாங்கள் ஏறும் ரயில் அபிஸ்கோவைத் தாண்டி நார்வேயின் நார்விக் வரை போகிறது. நடை முடிந்ததும் ஒரு எட்டுப் போய்க் கடலைப் பார்க்கலாமா என்று ஆசைப்பட்டோம். ஆனால் ஸ்வீடனிலிருந்து நார்வேக்குள் நாய் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன்னால் நாடாப்புழு மருந்து கொடுத்து, அதைக் கால்நடை மருத்துவர் நாயின் பாஸ்போர்ட்டில் பதிந்திருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி அதற்கு மருத்துவரைத் தேட வேண்டும். கடல் அடுத்த முறை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தொலைக்காட்சியில், எங்கள் ரயில் வழியில் இருக்கும் கிருனா ஊரின் தேவாலயம் நகர்கிறது. இரும்புச் சுரங்கம் ஊரைத் தின்றுகொண்டிருப்பதால் ஊரையே பெயர்த்து வேறிடத்தில் வைக்கிறார்கள். 1912ல் கட்டிய மரத் தேவாலயம், 672 டன். அதை அப்படியே தூக்கிச் சக்கர வண்டியில் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் நகர்த்த இரண்டு நாள். நத்தை வேகத்தில் போகும் கட்டடத்தைப் பார்த்தபடியே தீனியை நிறுத்துப் பொட்டலம் போட்டோம்.

கணக்கு இப்படி. நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்குத் தேவையான கலோரி வரும். 22 கிலோவுக்குச் சுமார் 710. நாள் முழுக்க மலையில் நடந்தால் அதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு. 2,000 என்று வைத்துக்கொண்டோம். நூறு கிராமுக்கு 400 கலோரி தரும் உலர்தீனியில் ஒரு நாளைக்கு அரைக் கிலோ. உபரி நாளையும் சேர்த்து நாலு கிலோ. 1.6 அவனுக்கு, மீதி 2.4 என் முதுகுக்கு. வழியில் சில குடில்களில் கடை உண்டு, ஆனால் நாய்த் தீனி கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

நாய் நெடுந்தூரம் உழைக்கும்போது கொழுப்பைத்தான் அதிகம் எரிக்கும். அதனால் கொழுப்பு கூடிய தீனிக்கு மாற்றினோம், வழக்கமான தீனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து. திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், அதை டென்ட்டுக்குள் வைத்துச் சமாளிக்க யாருக்கும் ஆசை இருக்காது. மணிக்கு இதில் வருத்தம் ஒன்றுதான், ராத்திரித் தயிர்சோறு நின்றுபோனது.

எங்கள் சாப்பாடும் அவனால் மாறியது. நடக்கிறவர்கள் கொறிக்கும் கலவையில் உலர் திராட்சையும் சாக்லேட்டும் இருக்கும், இரண்டும் நாய்க்கு விஷம். வெங்காயம், பூண்டும் ஆகாது. சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி எல்லாவற்றையும்விட மோசம். குறுகலான டென்ட்டில் ஒன்று கீழே விழுந்தால் நமக்கு முன்னால் அவன் எடுத்துவிடுவான். ஆகவே வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, அவல், புளிக்காய்ச்சல், அம்மா அனுப்பிய பருப்புப்பொடி. பொடியில் பூண்டு இருப்பதால் அது மட்டும் இரண்டு உறை போட்டு என் சட்டைப் பையில்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாலாவது மாடியிலிருந்து மணியைச் சுமந்து இறங்கினேன். நாலு காலுக்கும் ஓட்டை வைத்த துணித் தூளி ஒன்று உண்டு, முதுகுப் பை மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளலாம். மடித்தால் கையடக்கம். நாயோடு மலைக்குப் போகிறவர்கள் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டையெல்லாம் வாங்குகிறார்கள், இதை ஏன் வாங்குவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. ஒரு பாதம் கிழிந்தாலே போதும், 22 கிலோவை யார் தூக்குவது? மலை மீட்புப் பணி காவல் துறையின் பொறுப்பு, அது மனிதர்களுக்காக. வழியில் பெரும்பகுதியில் செல்போன் சிக்னலும் கிடையாது, குடில்களில் அவசரத் தொலைபேசி இருக்கும்.

பழகாத நாய் தூளியில் துள்ளும். மணி முதலில் துள்ளினான், இப்போது என் தோளில் தாடையை வைத்துக்கொள்கிறான். எதிரே படியேறி வந்த பாட்டி ஒருவர், “அவனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். இல்லை, பயிற்சி என்றேன். நம்பிய மாதிரித் தெரியவில்லை.

என்னால் அவனைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? சமதளத்தில் நின்று நின்று ஆறு, ஏழு கிலோமீட்டர். அதை வைத்துத்தான் திரும்பும் கணக்கைப் போட்டோம். அபிஸ்கோவிலிருந்து அபிஸ்கோயாவ்ரெ குடில் 15 கிலோமீட்டர், அங்கிருந்து அலெஸ்யாவ்ரெ 20, சேக்தியா 13, ஸேல்கா 12, ஸிங்கி 12, கெப்னெகைசெ 14, நிக்காலுவோக்தா 19. அலெஸ்யாவ்ரெ வரைக்கும் ஏதாவது ஆனால் பின்னால்தான் பக்கம். ஸேல்கா போய்விட்டால் முன்னால்தான் பக்கம். நடுவில் இருக்கிறது சேக்தியா கணவாய், சுமார் 1,150 மீட்டர், பாதையிலேயே உயரமான இடம். அதைச் சுற்றி நெடுந்தூரம் பெரிய பெரிய கல், பாதம் கிழிவதற்குத் தோதான இடம். ஆகவே அலெஸ்யாவ்ரெயில் ஒரு நாள் தங்கி, மணியின் பாதத்தையும் வானிலையையும் பார்த்த பிறகுதான் மேலே. நடை சுத்தமாக இல்லையென்றால் திரும்பிவிடுவோம்.

“அங்க போய் ‘இவ்வளவு தூரம் வந்துட்டோமே’ன்னு ஆரம்பிக்கக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்” என்றாள் மனைவி.

“நீ சொன்னா திரும்பிரலாம்.”

“நான் சொல்ல வேண்டாம். அவன் நடையப் பாத்து நீங்களே சொல்லணும்.”

என் மூட்டை 17 கிலோ. அவளுடையது 12.

ஆகஸ்ட் 22, வெள்ளி. ரயிலில்

செல்லப்பிராணிகளை அனுமதிக்கும் பெட்டியில் படுக்கை. இது சீக்கிரம் நிரம்பிவிடும், நாங்கள் பல மாதம் முன்னரே எடுத்துவிட்டோம். அபிஸ்கோ சேரப் பதினேழு, பதினெட்டு மணி நேரம். நாயின் பிரச்சினை தூக்கம் இல்லை, மூத்திரம். மதியத்துக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்து, கிளம்பும் முன் ஒரு மணி நேரம் நடக்கவிட்டோம். காலையில் போடனில் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும், அங்கே இறக்க வேண்டும்.

கீழ்ப் படுக்கைக்கு அடியில் அவனுடைய பாயை விரித்தோம். பழைய ஃபோம் பாயை வெட்டி மனைவி தைத்தது. வீட்டில், பூங்காவில், மொட்டைப் பாறையில் என்று எங்கே விரித்தாலும் அதில் படுக்கப் பழக்கியிருக்கிறோம். பாயைப் பார்த்தவுடன் சுருண்டுவிட்டான்.

ஆகஸ்ட் 23, சனி. அபிஸ்கோ

போடனில் எல்லா நாய்களும் ஒரே விளக்குக் கம்பத்துக்குப் போட்டியிட்டன. மற்றபடி நல்ல பயணம். கிருனாவில் தேவாலயம் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தோம், தெரியவில்லை.

அபிஸ்கோவில் வெயில், ஒன்பது டிகிரி. டோர்னெத்ரெஸ்க் ஏரி ஒரு பக்கம், லாப்போர்த்தன் மலைவாசல் மறு பக்கம். இது 1909ல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா, ஐரோப்பாவின் முதல் தேசியப் பூங்காக்களில் ஒன்று. பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது, குறித்த இடங்களில் மட்டும்தான்.

இன்று நடை கிடையாது. மாலையில் பையில்லாமல் பள்ளத்தாக்கு ஓரமாக ஒரு சுற்று. ஒரே இரைச்சல், புது வாசனைகள். மணியின் மூக்கு தரையை விட்டு எழவே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு. அபிஸ்கோயாவ்ரெ

இங்கே சிக்னல் இல்லை. எழுதி வைக்கிறேன், கிடைக்கும் இடத்தில் போடுகிறேன்.

15 கிலோமீட்டர், பிர்ச் காட்டுக்குள். சதுப்பின் மேல் போட்டிருக்கும் பலகைப் பாதைதான் இன்றைய பாடம். இரண்டு பலகைக்கு நடுவே இருக்கிற சந்தில் கால் இறங்கிவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் ஒரே பலகையில் நேர்கோட்டில் நடந்தான், வழுக்கியதெல்லாம் நான்தான். எதிரே ஆள் வந்தால் யாராவது இறங்கி வழிவிட வேண்டும். சேற்றில் இறங்க மணி மறுத்ததால் எப்போதும் நாங்களே வழி கேட்கும்படி ஆனது.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி நாலு பாதத்தையும் விரித்துப் பார்த்தோம். விரலிடுக்கில் ஒரு சிறு கல், அவ்வளவுதான். பையின் இடது பக்கம் மட்டும் தளர்ந்தது, இறுக்கிவிட்டேன்.

மதியம் காட்டுக்குள் மூன்று ரெயின்டியர். மணி நின்றான், காது விறைத்தது, வார் இழுபட்டது. “மணி, பாய்!” என்று மனைவி தரையில் பாயைத் தட்டினாள். திரும்பிப் பார்த்து, இன்னொரு முறை மான்களைப் பார்த்து, வந்து உட்கார்ந்தான். கோழித் துண்டு இரண்டு. மான்கள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

குடிலில் நாய் தங்கும் அறை ஒன்றுதான், அதில் ஏற்கெனவே இரண்டு லாப்ஹுண்ட் நாய்கள். அவற்றின் முடியைப் பார்த்தால் எங்கள் ஸ்லீப்பிங் பேக்கைவிடக் கனம். கட்டணம் கட்டி வெளியே டென்ட் போட்டோம், சமையலறையை மட்டும் பயன்படுத்திக்கொண்டோம். மணிக்குச் சட்டை, பாய், அதற்குமேல் என் கம்பளிச் சட்டை. அரைக் கிலோ தீனி காலி. இன்னும் கேட்கிறான், ஆகவே நாளை முதல் 550 கிராம். உபரி நாளுக்கு வைத்ததிலிருந்து எடுக்க வேண்டும்.

நாளை அலெஸ்யாவ்ரெ, 20 கிலோமீட்டர், மரங்கள் முடிந்து வெட்டவெளி. கடைசிப் பகுதியில் ஏரியில் மோட்டார் படகு ஓடுகிறதாம். நாயை ஏற்றுவார்களா என்று குடில் பொறுப்பாளரிடம் கேட்டேன். ஏற்றுவார்கள், ஈர நாயாக இருந்தால் முன்பக்கம் உட்கார வையுங்கள் என்றார். பாதம் களைத்திருந்தால் படகு, இல்லையென்றால் நடை. காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.